கடைசிக் காம்பராவின் வீட்டு மொழி

எங்கள் தோட்டத்தில் துரையை விட்டால் இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று 1980ஆம் ஆண்டு தை மாதம் வரைக்கும் நினைத்திருந்தேன். நான் மட்டுமல்ல, தோட்டமே அப்படித்தான் நினைத்திருந்தது. இதில் பெருமை ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான்.

நான் ஞானரட்ணம். கொட்டகலைக்கு மேலே மூனாமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு மனு, தபால் கந்தோருக்கு முறைப்பாடு, கொழும்புக்கு விண்ணப்பம், எதுவானாலும் சனங்கள் என் வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில்தான் வந்து நிற்பார்கள். ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்குவேன். ‘யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்’ என்று முடிப்பேன். நடுவில் எதைப் போட்டாலும் துரை வாசிக்கப் போவதில்லை என்பாள் என் மனைவி தெரேசா. அவளுக்கு வாய் அதிகம்.

அரசாங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்த பிறகு, எங்கள் வட்டாரக் கல்விக் கந்தோரில் யாருக்கோ ஒரு யோசனை உதித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்ன மொழி பேசுகிறார்கள், எத்தனை பேருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு தாள். வீட்டு மொழி எது? ஆங்கிலம் பேசுவாரா, வாசிப்பாரா, எழுதுவாரா? ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளாக மூன்று லயம், லயத்தில் மட்டும் நாற்பத்தாறு வீடு, இரண்டு வாரத் தவணை.

முதல் தாளை என் வீட்டிலேயே நிரப்பினேன். தெரேசா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுவார்னு போடுங்க, வாசிப்பார்னு போடுங்க. பேசுவார்னு எதுக்குப் போடுறீங்க?” என்றாள்.

“போன வருசம் துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தப்ப பேசுனேனே.”

“நாலு தடவ ‘யெஸ் சார்’னீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்.”

பேசுவார் என்றே போட்டேன். தாளும் என் கையில், பேனையும் என் கையில்.

லயத்துக்குப் போனால் வேறு கூத்து. எங்கள் சனங்களுக்குத் தாள் என்றாலே கப்பல்தான். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்த நாளிலிருந்து, எவன் தாளைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு சொல் தப்பினால் தலைமன்னாரில் கப்பலேறக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பயம். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பலருக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

“சிங்களம்னு போடுங்க மாஸ்டர்,” என்றார் முதல் வீட்டு நல்லமுத்து.

“வீட்ல சிங்களத்துலயா பேசுறீங்க?”

“நீங்க அந்தப் பக்கம் போனதும் பேச ஆரம்பிச்சிருவோம்.”

தமிழ் என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ராக்காயி. இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? மலையில தெனம் பேசுறதுதானே. பெரட்டு, மஸ்டர், லீவு, டிஸ்பென்சரி, செக்ரோல்.”

“அதெல்லாம் இங்கிலீஷ் தெரிஞ்சதா ஆகாது.”

“அப்ப எதுல சேத்தி மாஸ்டர்? தமிழா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தெரியாது என்று போட்டேன். இப்படியே மூன்று நாள். நாற்பத்தைந்து வீட்டிலும் வீட்டு மொழி தமிழ், ஆங்கிலம் தெரியாது. பழைய லயத்தில் கடைசி அறை, அந்தக் கடைசிக் காம்பரா ஒன்றுதான் பாக்கி.

அந்தக் காம்பராவில் இராமையாவும் அவர் பெண்சாதி சண்முகவடிவும் இருந்தார்கள். இருவரும் பதினெட்டு வருஷம் பெரிய பங்களாவில் வேலை செய்தவர்கள். இவர் சமையல், அந்தம்மா பிள்ளை பார்க்கும் ஆயா. எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைத்துரை குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். புதுத் துரை வரும்போதே தனக்கென்று சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவர்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு லயத்துக்கு இறங்கினார்கள். இராமையாவுக்கு ஃபெக்டரியில் வேலை, சண்முகவடிவுக்குக் கொழுந்துக் கூடை. பிள்ளை குட்டி இல்லை. புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்வதில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் எழுபத்தாறில்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். பேசாத புருஷன் பெண்சாதி உலகத்தில் இல்லாததா என்று நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருந்து பேச்சுக் கேட்டது.

“குக், டீ ரெடி.”

“மில்க்?”

“நோ மில்க். கோட் பேட்.”

“கோட் வெரி பேட்.”

ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ரேடியோ இல்லை. அடுப்படியில் சண்முகவடிவு, பலகையில் இராமையா, பின்வாசலில் பால் கொடுக்க மறுத்த ஆடு.

“அட, வாங்க மாஸ்டர், உக்காருங்க,” என்றார் இராமையா நல்ல தமிழில்.

“பிளேன் டீ குடிப்பீங்களா? இன்னைக்கிப் பால் இல்லீங்க,” என்றாள் சண்முகவடிவு, அவளும் நல்ல தமிழில். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, “குக், சுகர்,” என்றாள். அவர் எழுந்துபோய்ச் சீனிப் போத்தலை எடுத்துவந்து கொடுத்தார். “தேங்க்யூ,” என்றாள். “வெல்கம் ஆயா,” என்றார்.

நான் தேநீரை வாங்கிக்கொண்டேன். வந்த வேலை நினைவுக்கு வர ஒரு நிமிஷம் ஆனது.

“வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?”

இராமையா சீனிப் போத்தலை மூடினார். “என்னையக் கேட்டா தமிழ் மாஸ்டர். அவளக் கேட்டா அவளும் தமிழ். ரெண்டு பேரையும் சேத்துக் கேட்டீங்கன்னா இங்கிலீசு.”

நான் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கந்தப்பனைப் பிடித்தேன். எந்த வீட்டில் எந்தச் சண்டை எப்போது தொடங்கியது என்று அவருக்குத்தான் தெரியும்.

கந்தப்பன் சொன்னது இதுதான். எழுபதாம் வருஷம், இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்கும் கடைசித் தவணையில், இராமையா பெண்சாதியைக் கேட்காமலே தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். தன் பேர், அதற்குக் கீழே அவள் பேர். அங்கே துறையூர்ப் பக்கம் அவருடைய அண்ணன் இருக்கிறார், வா வா என்று கடுதாசி போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் விசாரணைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தபோதுதான் விஷயம் சண்முகவடிவுக்குத் தெரிந்தது.

“‘நான் என்ன பொட்டியா, பேர எழுதி ஒட்டி கோச்சி வண்டியில ஏத்த? ஒரு வார்த்த கேட்டா என்ன’ன்னு நேரா இங்கதான் வந்தா,” என்றார் கந்தப்பன். “தடுக்குறதுக்குள்ள உள்ளங்கையில சூடத்த அணைச்சுப்புட்டா. ‘இனிமே எனக்கும் அந்த மனுசனுக்கும் நடுவுல ஒரு தமிழ் வார்த்த கெடையாது. நான் பேசினாலும் சரி, அவரு பேசி என் காதுல விழுந்தாலும் சரி, அந்தாளு கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்.’ இதான் சத்தியம். சத்தியம் பண்றவ தன் கண்ணச் சொல்லுவா. இவ புருசன் கண்ணச் சொல்லிப்புட்டா. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.”

பொழுது சாய்வதற்குள் ஆத்திரம் தணிந்துவிட்டது. அணைத்த சூடம் அணைத்ததுதானே. அன்றிலிருந்து புருஷன் கண்ணைக் காப்பாற்றுவதற்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். தன் கண்ணைக் காப்பாற்றுவதற்காக அவரும் மூடிக்கொண்டார்.

“அடுத்த ஆள் வழியாச் சொல்லி அனுப்பலாமே?”

“அனுப்புனாங்க. இப்ப அவங்க பக்கத்துக் காம்பராவுல இருக்குற மீனம்மாகிட்ட சொல்லி, ‘காச்சலுக்குக் கசாயம் வேணுமா’ன்னு கேட்டு விட்டா. அடுத்த மாசமே அவருக்கு எடது கண்ணுல பூ விழுந்துருச்சு. மூணாவது வாயும் வாய்தான் மாஸ்டர்.”

“அது வயசுக் கோளாறு. கண்டி ஆஸ்பத்திரியில காட்டினா எடுத்துருவாங்க.”

“நீங்க வேதக்காரவுங்க. ஒங்களுக்கு இது ஒட்டாது,” என்றார் கந்தப்பன், கோபப்படாமல்.

மூன்று மாதம் பங்களாக் குசினியில் ஒரு சத்தமில்லை. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கியபோது இராமையா தன்னை மறந்து “மில்க்” என்று கத்திவிட்டார். அவள் ஓடிப்போய் இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் என்ன நடந்தது என்று இருவருக்கும் உறைத்தது. ஒன்பது நாள் அவருடைய வலது கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கந்தப்பனிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். வாய் என்ன சொன்னதோ அதற்குத்தான் சத்தியம், அவள் தமிழ் வார்த்தை என்றுதான் சொன்னாள், இங்கிலீஷைச் சொல்லவில்லை என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“சிங்களத்துல பேசலாமே?”

“ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது கடைச் சிங்களம். ‘கீயத?’ன்னா என்ன வெல, ‘கணங் வெடி’ன்னா வெல சாஸ்தி. அத வச்சுக் குடும்பம் நடத்த முடியுமா?”

“சத்தியத்தத் திருப்பி எடுக்க வழியே இல்லயா?”

“இருக்கு. ரெண்டு பேரும் ஆத்தா முன்னால நின்னு, ஒருத்தருக்கொருத்தர் தமிழ்ல சொல்லி எடுக்கணும். சொல்லி முடிக்கிறதுக்குள்ள கண்ணு போயிருமேன்னு யோசிக்கிறாங்க.”

ஆக ஒன்பது வருஷமாக அந்தக் காம்பராவின் வீட்டு மொழி இங்கிலீஷ். அப்படியே எழுதினேன். பேசுவார்கள், ஆம். வாசிப்பார்களா, இல்லை. எழுதுவார்களா, இல்லை. தெரேசா தாள்களை அடுக்கும்போது பார்த்தாள்.

“அவங்க பேசுறாங்க, நீங்க எழுதுறீங்க. மூணு பேரையும் சேத்தா இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு ஒண்ணு தேறும்,” என்றாள்.

தாள் கந்தோரில் போய் நின்றது. வட்டாரக் கல்வி அதிகாரி றோலண்ட், ‘லயத்துக் காம்பராவில் வீட்டு மொழி ஆங்கிலமா? திருத்தி அனுப்புக’ என்று சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். எனக்கு வந்ததே கோபம். நான் எழுதியது எழுதியதுதான், நம்பிக்கை இல்லாவிட்டால் நேரில் வந்து பார்க்கவும் என்று இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்குப் பதில் போட்டேன். அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து, அட்டை கடித்த காலோடு மலையேறி வந்த மனுஷன், பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“குக், வாட்டர்,” என்றாள் சண்முகவடிவு.

“ஹாட்? கோல்ட்?”

“ஹாட். சார் டயர்ட்.”

றோலண்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் தன்னுடைய இங்கிலீஷில், வழுவழுவென்று, எவ்வளவு காலமாக இப்படிப் பேசுகிறீர்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் ஆரம்பித்தீர்கள் என்று ஒரு நீளமான கேள்வியைச் சண்முகவடிவிடம் கேட்டார்.

“நோ தேங்க்யூ, சார்,” என்றாள் அவள் மரியாதையாக.

பதில் சொல்ல இஷ்டமில்லாததை எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறாள் பாருங்கள் என்று றோலண்ட் இறங்கும் வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தார். தாளில் கையெழுத்தும் போட்டார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். அந்த ‘நோ தேங்க்யூ’வைப் பற்றி ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சித்திரை மாதம் இராமையாவுக்குக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் தயார், வைகாசி இருபதுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் அவர் பேர், கீழே சண்முகவடிவின் பேர். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் என் வீட்டு இஸ்தோப்பில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், அவள ஒரு வார்த்த கேக்கணும். அன்னைக்கிக் கேக்காம வச்ச கைநாட்டுத்தான் ஒம்போது வருசமா எங்க நடுவுல உக்காந்திருக்கு. அது தப்புன்னு சொல்லணும். எங்கூட வாரியான்னு கேக்கணும். வரலன்னா நான் போயித்தான் ஆகணும், ஆனா கேக்காமப் போனா நான் மனுசனே இல்ல.”

“கேளுங்க. ஒங்க வீட்டு மொழிதான் இங்கிலீஷ் ஆச்சே.”

“எங்க இங்கிலீசு குசினி இங்கிலீசு மாஸ்டர். உப்பு, சீனி, சுடுதண்ணி, பேபி ஸ்லீப். இந்த மாதிரி விசயத்துக்கு அதுல வார்த்த இல்லீங்களே. மனசுல இருக்குறத அதுல எப்புடிச் சொல்றது? ஒம்போது வருசமாத் தேடிப் பாத்துட்டேன்.”

அந்தம்மாவிடம் நானே போய்த் தமிழில் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன, நான் ஞானஸ்நானம் வாங்கியவன் என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருப்பது ஒரு கண், போகிற இடத்தில் அண்ணன் முகத்தையாவது பார்க்க வேண்டும் என்றார்.

“நல்ல இங்கிலீசா, மரியாதையா, ஒரு வரி எழுதிச் சொல்லிக்குடுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

மனுஷன் என்னை நம்பிக் கேட்டார். என் இங்கிலீஷ் அதுவரை துரைமார் கண்ணில் பட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போன இங்கிலீஷ். முதல் தடவையாக அது ஒரு குடும்பத்துக்கு உதவப் போகிறது என்று எனக்கு மார்பு விரிந்தது. அகராதியை இறக்கிவைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். இந்தியா என்று வெறுமனே போடுவது தாழ்வாகத் தெரிந்ததால் அதைக்கூட மாற்றினேன். கடைசியில் வந்தது இதுதான்: ‘ஐ டீப்லி ரிக்ரெட் மை ஓமிஷன் இன் நாட் அஸர்ட்டெய்னிங் யுவர் விஷஸ், அண்ட் மோஸ்ட் ஹம்பிளி சொலிசிட் தட் யூ மே பி பிளீஸ்ட் டு அக்கம்பனி மீ டு தி அஃபோர்செட் டெஸ்டினேஷன்.’

தெரேசா பக்கத்தில் நின்று கேட்டாள். அவள் கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

“இது அந்தம்மாவுக்கு வெளங்குமா?”

“பதினெட்டு வருசம் வெள்ளக்காரன் வீட்ல இருந்தவளுக்கு வெளங்காதா?”

“எனக்கே வெளங்கலயே.”

“ஒனக்கு வெளங்கணும்னு எழுதல.”

அவள் உள்ளே போய்விட்டாள். இராமையா நான்கு நாள் சாயங்காலம் வந்து அந்த வரியைப் பாடம் பண்ணினார். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். ‘அஸர்ட்டெய்னிங்’ மட்டும் நான்காம் நாள் வரை வாயில் நுழையவில்லை. ஐந்தாம் நாள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் அப்படி ஒப்பித்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

“சொன்னீங்களா?”

“சட்ட போட்டுக்கிட்டு, நேர நின்னு, முழுசும் சொன்னேன் மாஸ்டர். ஒரு எடத்துலயும் தடுக்கல. என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் ‘நோ தேங்க்யூ’ன்னுட்டா.”

“மரியாதையாத்தான் சொல்லியிருக்கா,” என்றேன்.

“ஆமாங்க. மரியாதயாத்தான் சொன்னா.” கல்லை விட்டு எழுந்தார். “அவ மேல ஒண்ணும் குத்தமில்ல. நான் கேட்டேன், அவ சொல்லிப்புட்டா. இன்னும் ஒரு தடவ அவ விருப்பமில்லாம அவ பேர எதுலயும் வச்சிருக்க மாட்டேன்.”

மறுநாளே கண்டி இந்தியத் தூதரகக் கந்தோருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டில் சண்முகவடிவின் பேரை வெட்டச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதற்கான விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன் போலிருக்கிறது, ஒரே நாளில் வேலை முடிந்தது. ஒரு தடவை வெட்டிய பேரை மறுபடி சேர்க்க முடியாது, யோசித்துத்தான் செய்கிறாயா என்று அங்கிருந்த கிளார்க் இரண்டு தரம் கேட்டாராம். யோசித்துவிட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பக்கத்துக் காம்பரா மீனம்மா வழியாக அந்தச் செய்தி சண்முகவடிவுக்குப் போனது. அது அவருடைய வார்த்தை இல்லை, ஊர்ச் செய்தி, அதனால் கண்ணுக்குப் பாதகமில்லை என்று கந்தப்பன் சொல்லிவிட்டார். சண்முகவடிவு டிரங்குப் பெட்டியைத் துடைத்து, அவருடைய சட்டை வேட்டியை மடித்து வைத்தாளாம். எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு போத்தலில் போட்டு, போத்தலை ஸ்வெட்டரில் சுற்றி வைத்தாளாம்.

வைகாசி பதினெட்டாம் திகதி காலை பத்து மணிக்குக் கொட்டகலை ஸ்டேஷன். அன்றைக்கு ஆறு தோட்டத்துச் சனங்கள் போகிறார்கள். மேடை முழுக்க அழுகை. கட்டிப்பிடித்து, மண்ணில் விழுந்து, பேர் சொல்லிச் சொல்லி, தமிழில் இருக்கும் அத்தனை வார்த்தையையும் கொட்டி அழுதுகொண்டிருந்தார்கள். இந்த இரண்டு பேரும் கோச்சி ஜன்னல் பக்கம் சும்மா நின்றார்கள். நான் பெட்டியை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

“டிக்கெட்?” என்றாள் அவள்.

“யெஸ்.”

“வாட்டர் பாட்டில்?”

“யெஸ்.”

“ஐ பேட்,” என்றாள், தன் இடது கண்ணைத் தொட்டுக்காட்டி. “டாக்டர்.”

“யெஸ். டாக்டர்.”

அதற்குமேல் அவர்களிடம் வார்த்தை இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். இராமையா ஏறி ஜன்னலில் உட்கார்ந்து அந்த ஒரு கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோச்சி அசைந்தது.

“குட் நைட், ஆயா,” என்றார். பங்களாவில் வேலை முடிந்து போகும்போது சொல்ல அது ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“குட் நைட், குக்.”

கோச்சி ஹட்டன் பக்கம் திரும்பி மறைந்தது. சனங்கள் மெல்ல மெல்லக் கலைந்தார்கள். சண்முகவடிவு அங்கேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“நீங்களும் கூடப் போயிருக்கலாமேம்மா,” என்றேன்.

“எப்புடிப் போறது மாஸ்டர்?” என்றாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. “பேரப் போடும்போதும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. பேர வெட்டும்போதும் ஒரு வார்த்த கேக்கல. என்னைய வேணான்னு வெட்டிப்புட்டுப் போற மனுசன் பின்னால நானா ஓடுறது?”

“கேட்டாரே.”

“எப்ப?”

“போன மாசம். சட்டயெல்லாம் போட்டுக்கிட்டு நேர நின்னு சொன்னாரே.”

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “அதுவா? அது கவுர்மெண்டு நோட்டீசு இல்லயா? கந்தோர்ல குடுத்தத எனக்கு வாசிச்சுக் காட்டுறாருன்னுல்ல நெனச்சேன். ஒரு வார்த்தகூட வெளங்கல. பெரிய ஆளுங்க சொல்றது வெளங்கலன்னா வாயப் பாத்துக்கிட்டு நிக்காத, ‘நோ தேங்க்யூ’ சொல்லுன்னு துரைசாணி சொல்லிக் குடுத்திருக்காங்க. அதச் சொன்னேன்.”

சத்தியம் நினைவுக்கு வந்தது. மூன்றாவது வாயும் வாய்தான். ஆனால் அது இராமையாவின் வார்த்தை இல்லை. அதில் ஒரு சொல்கூட அவருடையது இல்லை. எல்லாம் நான் அகராதியில் தேடிப் பொறுக்கியது. ஆகவே சொன்னேன். உங்களைக் கேட்காமல் கைநாட்டு வைத்தது தப்பு, என்னோடு வாருங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம், எழுதிக்கொடுத்தது நான் என்று தமிழில் சொன்னேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதுக்கு எதுக்குங்க மாஸ்டர் அவ்வளவு நீளம்?” என்றாள். “‘கம்’முன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. அது எனக்குத் தெரியுமே. பதினெட்டு வருசம் அந்தப் பங்களாவுல அதச் சொல்லித்தான் என்னையக் கூப்புட்டாங்க. ஒரு நாளும் நான் போகாம இருந்ததில்ல.”